மரத்துக்கு எண்ணெயா, பளபளப்பா?

2009 ஆம் ஆண்டு போர் ஓய்ந்த பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பழைய வீடுகள் பல திருத்தப்பட்டு வருகின்றன. சொந்தக்காரர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். பணம் வரும், மேற்பார்வைக்கு உறவினர் ஒருவர் நிற்பார். கூரை, நிலம், மதில் எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கதவு, யன்னல், தளபாடங்களுக்கு முறை வருகிறது. அந்தக் கடைசி ஒரு வாரத்தில் நடக்கும் சேதத்தைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். சேதம் என்று நான் சொல்வதைச் சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் அதனை அழகுபடுத்தல் என்கிறார்கள்.

நடப்பது இதுதான். மின்சார இயந்திரத்தால் மரத்தின் மேற்பரப்பு முழுவதும் தேய்த்து எடுக்கப்படுகிறது. அதன்மேல் நிறமூட்டி பூசி, பொலியூரித்தீன் வார்னிஷ் இரண்டு மூன்று தடவை அடிக்கப்படுகிறது. முதிரையும் தேக்கும் வேம்பும் பலாவும் ஒரே செம்பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல மினுங்குகின்றன. எந்த மரம் எது என்று அதைச் செய்த தச்சருக்கே அடுத்த மாதம் சொல்ல முடியாது.

மரத்தைப் பாதுகாக்க ஏதோவொன்றைப் பூசத்தான் வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இல்லை. எதைப் பூசுவது, யாருடைய வசதிக்காகப் பூசுவது என்பதே கேள்வி. எங்கள் வீடுகளில் எஞ்சியுள்ள பழைய மரச்சாமான்களுக்கு எண்ணெயும் மெழுகுமே பொருத்தமானவை என்பது எனது அபிப்பிராயம். அதற்கான காரணங்களையும், செய்யும் முறையையும், அதிலுள்ள ஆபத்தையும் சேர்த்தே சொல்லவேண்டியுள்ளது. ஏனெனில் "இயற்கையானது" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அரைகுறையாகச் செய்யப்படும் வேலையும் மரத்தைக் கெடுக்கும்.

முதலில் எஞ்சியவை எவை என்று பார்ப்போம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது பெட்டகத்தையும் சாய்மனைக்கதிரையையும் யாரும் தலையில் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தவர்களில் பலருக்குக் கூரைமரமும் இல்லை, நிலையும் இல்லை, கதவும் இல்லை. ஆகவே இன்று ஒரு வீட்டில் பாட்டனார் காலத்து முதிரைப் பெட்டகம் ஒன்று இருக்குமானால் அது தற்செயலாகத் தப்பியது. கையுளியின் தடமும், பூட்டைச் சுற்றித் தலைமுறைகளாகக் கைபட்டு வந்த கருமையும் அதன் மேற்பரப்பிலேயே இருக்கின்றன. மேற்பரப்பு என்பது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான கனம். இயந்திரத்துக்கு அது பத்து நிமிட வேலை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அவ்வாறு தப்பிய பெட்டகம் ஒன்று இருந்தது. வீடு திருத்தியபோது அதனையும் தேய்த்து வார்னிஷ் அடித்தார்கள். முதல் வருடம் வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். இரண்டு மாரி கழிந்தபின் மூடியின் விளிம்புகளில் வார்னிஷ் வெளிறித் தோலாக உரியத் தொடங்கியது. உரிந்த இடத்தை மட்டும் திருத்த முடியாது என்று தச்சர் சொன்னார். அவர் சொன்னது சரி. மீண்டும் முழுவதையும் தேய்க்க வேண்டும். இப்படி மூன்று தடவை தேய்த்தால் பெட்டகத்தின் செதுக்குவேலை மழுங்கிப் போகும்.

இதற்கான காரணம் எளிமையானது. மரத்துக்குப் பூசப்படுபவை இரண்டு வகை. ஒன்று மரத்தின்மேல் படலமாக நிற்பது. வார்னிஷ், பொலியூரித்தீன், லக்கர் ஆகியன இந்த வகை. மற்றையது மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி அங்கேயே இறுகுவது. உலரும் எண்ணெய்கள் இந்த வகை. மரம் வெட்டி நூறு வருடமானாலும் மாரியில் ஈரத்தை உள்வாங்கி விரியும், கோடையில் சுருங்கும். அதன்மேல் இருக்கும் கடினமான படலம் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் எங்காவது ஒரு மூட்டில் வெடிக்கிறது. வெடிப்பின் வழியாக ஈரம் உள்ளே போகிறது. வெளியேற வழியில்லாமல் படலத்தின் அடியில் நின்று அதனைத் தூக்குகிறது. எண்ணெய் பூசிய மரத்தில் உரிவதற்குப் படலமே இல்லை. அது மங்கும், வரளும். மங்கிய இடத்தில் ஒரு துணியால் மீண்டும் எண்ணெய் தேய்த்தால் போதும். திருத்துவதற்குத் தச்சர் வேண்டியதில்லை, வீட்டிலுள்ள ஒருவரே செய்யலாம்.

எண்ணெய் என்றதும் எங்கள் வீடுகளில் கை நீளுவது தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குத்தான். இங்கேதான் முதலாவது தெளிவு தேவைப்படுகிறது. எல்லா எண்ணெயும் உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய், அதாவது கடைகளில் லின்சீட் ஒயில் என்று கேட்டு வாங்குவது, காற்றிலுள்ள ஒட்சிசனை உள்ளெடுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, திண்மமாக இறுகும். சீனாவில் நெடுங்காலமாகப் பயன்படும் துங் எண்ணெயும், வால்நட் எண்ணெயும் அவ்வாறானவை. இவற்றில் நிரம்பாத கொழுப்பமிலங்கள் மிக அதிகம். இந்த நிரம்பாத தன்மையை அளக்க இரசாயனவியலாளர் பயன்படுத்துவது அயடீன் பெறுமானம். ஆளிவிதை எண்ணெய்க்கு அது 170க்கும் மேல். தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 6 முதல் 11 வரை மட்டுமே. ஆகவே தேங்காயெண்ணெய் நூறு வருடம் வெயிலில் வைத்தாலும் இறுகாது. வேப்பெண்ணெயும் இலுப்பெண்ணெயும் உலராத வகையே. நல்லெண்ணெய் நடுவில் நிற்பது. அது முழுதாக உலரவும் மாட்டாது, முழுதாக எண்ணெயாக இருக்கவும் மாட்டாது. பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதனால் தேங்காயெண்ணெய்க்கு மரவேலையில் இடமே இல்லை என்றாகாது. இடியப்ப உரல், மத்து, வெட்டுப்பலகை போன்ற உணவுடன் தொடர்பான சாமான்களுக்கு அது நல்லது. அவை அடிக்கடி கழுவப்படுபவை, அடிக்கடி பூசப்படுபவை. நிரம்பிய கொழுப்பு அதிகமென்பதால் அது இலகுவில் சிக்கு மணம் எடுப்பதும் இல்லை. உணவு படும் சாமானுக்குக் கடையில் விற்கும் "கொதிக்க வைத்த" லின்சீட் ஒயிலைப் பூசக்கூடாது. பெயர்தான் அப்படி. பெரும்பாலும் அது கொதிக்க வைக்கப்படுவதில்லை. விரைவில் உலர்வதற்காகக் கோபால்ற்று, மங்கனீசு போன்ற உலோகச் சேர்வைகள் கலக்கப்பட்டிருக்கும். கலப்பற்ற பச்சை எண்ணெய் உலர நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் எடுக்கும். கலந்தது ஒரு நாளில் உலரும். கதவுக்கும் கதிரைக்கும் கலந்தது பரவாயில்லை. அகப்பைக்கு ஆகாது.

கடலோரத்தவர்களுக்கு இந்த வேறுபாடு இரசாயனவியல் படிக்காமலே தெரிந்திருந்தது. இந்துமாகடற் கரைகளில் மரக்கலங்களுக்குச் சுறா எண்ணெய் பூசும் வழக்கம் பழமையானது. மீனெண்ணெய்கள் நிரம்பாத தன்மை கூடியவை, காற்றுப்பட இறுகக்கூடியவை. அதன் மணத்தை வீட்டுக்குள் எவரும் சகிக்க மாட்டார்கள் என்பது வேறு விடயம்.

இன்று கடைகளில் தேக்கெண்ணெய் என்றும் டெனிஷ் ஒயில் என்றும் அழகான தகரங்களில் விற்கப்படுகின்றன. தேக்கெண்ணெய் தேக்கிலிருந்து எடுக்கப்படுவதில்லை. டெனிஷ் ஒயில் என்பது டென்மார்க்கில் பிழியப்படும் எண்ணெயும் இல்லை. இவை வணிகப் பெயர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏதோவொரு உலரும் எண்ணெயும், கொஞ்சம் வார்னிஷும், நிறையக் கரைப்பானும் சேர்ந்த கலவை. அது கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. உள்நாட்டுக் கதவுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உள்ளே என்ன, எவ்வளவு என்று தகரத்தின் மேல் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருக்க வேண்டும். வாங்குபவருக்கு மட்டுமன்றி, மூடிய அறைக்குள் எட்டு மணித்தியாலம் அதனைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி மெழுகு. தேன்மெழுகு தனியே ஒரு பாதுகாப்புப் பூச்சு ஆகாது. தண்ணீர் நின்றால் வெள்ளைத் தடம் விழும். சூடான தேநீர்க் கோப்பை வைத்தால் வட்டம் விழும். அது 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகுவது. எங்கள் சித்திரை வெயிலில், யன்னலோர மேசையில், உருகாவிட்டாலும் இளகும். இளகிய மெழுகில் செம்மண் தூசி ஒட்டும். பிரேசிலின் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு 80 பாகைக்கு மேலேதான் உருகும். அதனைச் சிறிதளவு சேர்த்தால் பூச்சு கடினமாகும். பனைகளின் நடுவே வாழும் எங்களுக்கு இன்னொரு நாட்டுப் பனையிலிருந்து மெழுகு வருவது விசித்திரம்தான், ஆயினும் உண்மை. எண்ணெய் உள்ளே இறுகிய பின்னர், தொடுகைக்கு மென்மையும் அடக்கமான ஒளியும் தருவதற்காக மேலே பூசப்படுவதே மெழுகு. வரிசை மாறக்கூடாது. மெழுகின்மேல் எண்ணெய் உள்ளே இறங்காது.

மூன்றாவது ஒன்றையும் குறிப்பிடாவிட்டால் இந்த வரலாறு பூரணமாகாது. அதுதான் அரக்கு. சிறு பூச்சியொன்று மரக்கொம்புகளில் சுரக்கும் பிசின் அது. ஸ்பிரித்தில் கரைத்துத் துணிப் பொதியால் படலம் படலமாகத் தேய்ப்பதைப் பிரெஞ்சு பொலிஷ் என்று பழைய தச்சர்கள் அழைத்தனர். இலங்கையில் அரக்கு வேலைக்கு அதனிலும் பழைய மரபொன்று உண்டு. மாத்தளைப் பகுதியின் ஹப்புவிதவில் விரல் நகத்தால் அரக்கை இழையாக இழுத்து மரத்தில் ஒட்டும் கலை வளர்ந்தது. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தமது நூலில் அரக்கு வேலையையும் பதிவு செய்திருக்கிறார். ஒரு தமிழர் சிங்களக் கைவினைஞரின் பட்டறைகளில் அமர்ந்து அவர்களின் தொழில்முறைகளைக் குறித்துவைத்தார். எங்கள் தச்சர்களின் தொழில்முறையை அதே கவனத்தோடு குறித்து வைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

அரக்கைப் பற்றித் தெரிந்திருப்பதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. பழைய சாமானில் ஏற்கெனவே என்ன பூசப்பட்டுள்ளது என்று அறியாமல் எதையும் தொடங்கக்கூடாது. மறைவான இடத்தில், மெதிலேற்றட் ஸ்பிரித்து நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். இளகி ஒட்டினால் அது அரக்கு. அதனைத் தேய்த்து எடுக்க வேண்டியதே இல்லை. ஸ்பிரித்தாலேயே கழுவலாம், புதிய அரக்கால் அதே இடத்தைத் திருத்தலாம். ஸ்பிரித்துக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் வகை. எதுவுமே இல்லாமல் வெறும் அழுக்கும் பழைய எண்ணெயும் மட்டும் இருந்தால், டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எத்தனையோ பெட்டகங்களுக்குத் தேவைப்பட்டது அந்தத் துடைப்பு மட்டுமே.

எண்ணெய் பூசும் முறை சிக்கலானதன்று, பொறுமையை மட்டும் வேண்டுவது. வெறுமரமானால் சான்ட் பேப்பரால் நாரின் போக்கிலே தேய்க்க வேண்டும்; 180 அல்லது 220 ஆம் இலக்கத்தோடு நிறுத்திவிடலாம். அதனிலும் மெல்லியதால் தேய்த்தால் துளைகள் அடைபட்டு எண்ணெய் இறங்காது. முதற் பூச்சுக்கு எண்ணெயையும் டர்பன்டைனையும் சம அளவில் கலந்து ஐதாக்கிக்கொள்ள வேண்டும். தாராளமாகப் பூசி, கால் மணித்தியாலம் தொடக்கம் அரை மணித்தியாலம் வரை விட்டு, மேலே நிற்கும் எண்ணெய் முழுவதையும் உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலையின் உயிர் இந்தத் துடைப்பில்தான் இருக்கிறது. கூடப் பூசினால் கூடப் பாதுகாப்பு என்று எண்ணி விட்டுவிட்டால், மேலே நின்ற எண்ணெய் சுருங்கிப் பிசினாகி வருடக்கணக்கில் கையில் ஒட்டும். ஒரு நாள் விட்டு மறுபடியும், இம்முறை ஐதாக்காமல். மாரிகாலமானால் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஈரக்காற்றில் ஆளிவிதை எண்ணெய் மெதுவாகவே உலரும், பூஞ்சணமும் பிடிக்கும். ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் இவ்வேலையைத் தொடங்காதிருப்பதே புத்தி. மாசி, பங்குனி உகந்தவை.

மூன்று நான்கு பூச்சுக்குப் பின் சில வாரங்கள் காயவிட்டு மெழுகு தேய்க்கலாம். ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று அல்லது நான்கு பங்கு டர்பன்டைன். மெழுகைச் சுடுநீருக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் கொண்டுபோன பின்னரே டர்பன்டைனை ஊற்ற வேண்டும். ஆறியதும் பசையாகும். மெல்லிதாகத் தேய்த்து, சிறிது நேரம் விட்டு, துணியால் மினுக்க வேண்டும். தேக்கு மட்டும் விதிவிலக்கு. அதனுள்ளே இயல்பாகவே எண்ணெய்ப்பசை இருப்பதால், முதலில் தின்னரால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டு உடனடியாகப் பூசத் தொடங்க வேண்டும்.

இப்போது ஆபத்து. இதனை எழுதாமல் விடுபவர் எவரும் எண்ணெய் பூசும்படி பிறருக்குச் சொல்லக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் உலர்வது ஒட்சியேற்றத்தால். ஒட்சியேற்றம் வெப்பத்தை வெளிவிடும். மரத்தில் மெல்லிதாகப் பரவியிருக்கும்போது அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் வெப்பம் உள்ளேயே தேங்கி, தீக்குச்சி எதுவும் இன்றித் தானாகவே பற்றிக்கொள்ளும். 1991 பெப்ரவரி 23 ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22 ஆம் மாடியில் மரப்பலகைச் சுவரைப் புதுப்பித்த வேலையாட்கள் விட்டுச்சென்ற, ஆளிவிதை எண்ணெயில் தோய்ந்த துணிகளே காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் உயிரிழந்தனர். ஆகவே துணிகளை வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகரத்தில் அமிழ்த்தி வையுங்கள். கழிவுக் கூடைக்குள் போடாதீர்கள்.

மறுபக்க நியாயங்களையும் சொல்லியாக வேண்டும். நாளுக்கு நூறு பேர் சாப்பிடும் உணவகத்து மேசைக்கு நானும் பொலியூரித்தீனையே சிபாரிசு செய்வேன். நீரையும் உரசலையும் அது தாங்குவதுபோல் எண்ணெய் தாங்காது. வெயிலும் மழையும் நேரே படும் வாசற்கதவுக்கு எண்ணெய் பூசினால் வருடாவருடம் பூச வேண்டும். வெளிர்நிற மரத்தை ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாக்கும். கறையானையும் உளுவையும் எந்த எண்ணெயும் நிரந்தரமாகத் தடுக்காது. அதற்கு வேறு சிகிச்சை வேண்டும். இயற்கையானது என்பதால் தீங்கற்றதென்றும் இல்லை. பைன் பிசினிலிருந்து வரும் அசல் டர்பன்டைனும் தோலையும் கண்ணையும் எரிக்கும். இத்தனையும் சொன்ன பிறகும் வீட்டுப் பெட்டகம், சாய்மனைக்கதிரை, அலுமாரி, உள்வீட்டுக் கதவு என்பவற்றுக்கு என் தீர்ப்பு மாறவில்லை. அவை உணவக மேசைகளல்ல. அவற்றின் தேவை கடினமான கவசம் அன்று. இன்னும் இரண்டு தலைமுறைக்குத் திருத்தக்கூடிய நிலையில் இருப்பதே.

அப்படியாயின் தச்சர்கள் ஏன் இதனைச் செய்வதில்லை? அவர்களுக்குத் தெரியாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். எழுபது கடந்த தச்சர் ஒருவரிடம் இதனைக் கேட்டேன். "தம்பி, எண்ணெய் போட்டால் நாலு தரம் வரவேணும். நாலு நாள் கூலி ஆர் தருவினம்? முதல்நாளே மினுங்கினால்தான் வேலை செய்தது எண்டு நினைக்கினம்" என்றார். இந்த மூன்று வசனங்களில் முழுப் பிரச்சினையும் அடங்கிவிட்டது. வார்னிஷ் தனது முதல் நாளிலேயே மிக அழகாக இருக்கும். அதன் பின் ஒவ்வொரு நாளும் இறங்குமுகம். எண்ணெய் பூசிய மரம் முதல் நாளில் மங்கலாக, வேலை முடியாதது போலக் காட்சி தரும். ஐந்து வருடத்தில்தான் அதன் நிறம் பழுக்கும். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போக வேண்டியவருக்கு முதல் நாள்தான் முக்கியம். கூலியும் அந்த நாளை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. தச்சரைக் குறைகூறி என்ன பயன்?

2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது, ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது, இறக்குமதியான பூச்சுகளின் விலை எங்கே போனது என்பதை வீடு கட்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆளிவிதை எண்ணெயும் இறக்குமதிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு கதிரைக்கு வேண்டியது ஒரு கோப்பை. அடுத்த வருடம் அரைக் கோப்பை. செலவின் பெரும்பகுதி கூலி. அந்தக் கூலி எங்கள் ஊரிலேயே தங்கும்.

ஆகவே வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய மரச்சாமானில் இயந்திரத்தை வைக்க அனுமதிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதில் ஏற்கெனவே இருப்பது என்ன? இப்போது பூசப்போவது பழுதானால் பழுதான இடத்தை மட்டும் திருத்த முடியுமா? அந்தத் திருத்தத்தை வீட்டில் இருப்பவர் செய்யலாமா? விடை தெரியாவிட்டால் வேலையை நிறுத்தி வையுங்கள். பெட்டகம் அழுக்கோடு இன்னொரு வருடம் இருந்தால் குறைந்துவிடாது. தேய்த்தெடுத்ததை மீளவும் ஒட்ட முடியாது. தச்சரோடு பேரம் பேசும்போது நாலு நாள் வருகைக்கும் கூலி பேசுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மரவேலை கற்பிப்போர், ஸ்பிறே துப்பாக்கி பிடிக்கப் பழக்குவதோடு, துணியால் எண்ணெய் தேய்க்கவும் ஒரு வாரம் ஒதுக்கட்டும். எழுபது கடந்த அந்தத் தச்சரைப் போன்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துக் கற்பிக்கச் சொல்வதற்கு இப்போதைக்கு நேரம் இருக்கிறது.